பெயர் ஏற வேண்டும்: வீடும் நிலமும் கைமாறும்போது எந்தப் பத்திரம் எதற்கு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடும்பங்களில் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். பிறப்புச் சூரா, பழைய ஐ.சி. நகல், தாத்தாவின் மரணச் சான்றிதழ் எல்லாவற்றோடும் 'வீட்டுப் பத்திரம்' என்று ஒரு கத்தை. பிரித்துப் பார்த்தால் பல வகைக் காகிதங்கள் கிடக்கும்: வாங்கும்போது போட்ட எஸ்.என்.பி. (விற்பனை, கொள்முதல்) ஒப்பந்தம், வங்கிக் கடன் ஒப்பந்தம், நில வரி ரசீதுகள், சில வீடுகளில் சத்தியப்பிரமாண ஆணையர் முத்திரை குத்திய ஒரு பக்கக் கடிதம். இவற்றில் எது அந்த வீட்டை உங்களுடையதாக்குகிறது?

தீபகற்ப மலேசியாவில் இதற்கு ஒரே விடைதான். நில அலுவலகப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். 1966 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் அடித்தளமே இதுதான். தமிழ்நாட்டுத் தொடர்களில் வரும் கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவை வேறு முறையைச் சேர்ந்தவை. அங்கே பத்திரங்களின் தொடர்ச்சியைக் காட்டி உரிமையை நிலைநாட்ட வேண்டும். இங்கே பதிவேடுதான் உரிமை. ஒப்பந்தம், நன்கொடைக் கடிதம், உயில் எல்லாம் அந்தப் பதிவேட்டைத் திருத்துவதற்கான வழிகள். வழியில் பாதியிலேயே நின்றுவிட்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பணம் கட்டி முடித்து இருபது வருடம் குடியிருந்தும் கிராண்டில் (நிலப்பட்டாவில்) இன்னொருவர் பெயர் இருப்பது இதனால்தான்.

சபா, சரவாக்கில் நிலச் சட்டமே வேறு. இங்கே சொல்வது தீபகற்பத்துக்கு மட்டும்.

முதலில் கிராண்டைப் படியுங்கள்

எந்தப் பத்திரம் போடுவது என்று கேட்கும் முன் நிலப்பட்டாவை மேசையில் விரித்து வைத்து நிதானமாகப் படிக்க வேண்டும். தலைப்பில் கெரான் என்றிருந்தால் நிரந்தர உரிமை. பஜாக்கான் நெகிரி என்றிருந்தால் மாநில அரசின் குத்தகை. அதில் முடியும் தேதி அச்சாகியிருக்கும். இந்த இரண்டும், நில அளவை முடியாதபோது தரப்படும் எச்.எஸ்.டி. தற்காலிகப் பட்டாவும் மாநில நில, கனிமவள அலுவலகத்தில் பதிவானவை. பேராக் மாநிலத்துக்கு அது ஈப்போவில் இருக்கிறது. கெரான் முக்கிம், பஜாக்கான் முக்கிம், எச்.எஸ்.எம். தற்காலிகப் பட்டா ஆகியவை மாவட்ட நில அலுவலகத்துக்கு உரியவை. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் அடங்கியதால் அங்கே போக வேண்டும். அலுவலகம் மாறிப் போய் ஒரு நாள் சம்பளத்தை இழப்பவர்கள் பலர். தலைப்பில் உள்ள அந்த இரண்டு சொற்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அந்த அலைச்சல் மிச்சம்.

அடுத்து மூன்று வரிகள் முக்கியம். 'கத்தெகோரி' என்ற இடத்தில் பெர்த்தானியான் என்றிருந்தால் விவசாய நிலம், பாங்குனான் என்றிருந்தால் கட்டடம். 'ஷரத் ஞாத்தா' வரி அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லும். 'செக்காத்தான் கெபெந்திங்கான்' என்பது கட்டுப்பாட்டு வரி. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது என்று அதில் எழுதியிருந்தால், முதலில் அந்த ஒப்புதலுக்கு மனு கொடுக்க வேண்டும். மலிவு விலை வீடுகளிலும் குத்தகை நிலங்களிலும் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம். ஒப்புதல் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே கெடு வைத்து ஒப்பந்தம் போடும்போது அந்த நாள்களை ஒப்புதல் கிடைத்த தேதியிலிருந்து எண்ணும்படி எழுதச் சொல்லுங்கள்.

'ரிசாப் மெலாயு' என்று குறித்திருந்தால் அந்த நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எந்த வகைப் பத்திரம் போட்டாலும் அது நடக்காது.

கையில் உள்ள கிராண்ட் பழையதாக இருக்கலாம். அதனால் நில அலுவலகத்தில் சாரியான் (பதிவேட்டுத் தேடல்) எடுக்க வேண்டும். தனிப்பட்ட தேடல், அதிகாரபூர்வத் தேடல் என்று இரண்டு உண்டு. பணம் கொடுக்கும் முன் அதிகாரபூர்வத் தேடலை எடுப்பதுதான் நல்லது. வங்கி அடகு, கேவியட் (பெயர் மாற்றத் தடை), நீதிமன்ற ஆணை இருந்தால் அதில் தெரியும். ஒப்பந்தம் போடும்போது ஒருமுறையும், பத்திரத்தைச் சமர்ப்பிக்கும் முன் இன்னொரு முறையும் எடுங்கள்.

பாரம் 14ஏ: உரிமையை மாற்றும் முக்கியத் தாள்

விற்றாலும், அன்பளிப்பாகக் கொடுத்தாலும், வாரிசுக்குப் போனாலும் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது பாரம் 14ஏதான். எஸ்.என்.பி. என்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே உள்ள வாக்குறுதி. அது மட்டுமே பெயரை மாற்றாது.

14ஏயில் கொடுப்பவர், பெறுபவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். வழக்கறிஞர், மஜிஸ்திரேட், நில நிர்வாகி போன்றவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி போட்டால் தாள் திரும்பி வரும்.

நம்மவர்களின் பத்திரங்கள் அதிகம் திரும்பி வருவது பெயரால்தான். பழைய கிராண்டில் முனியாண்டி என்ற பெயர் ரூமி எழுத்தில் 'ஐ'யில் முடிந்திருக்கும். புது ஐ.சி.யில் அதே பெயர் 'ஒய்'யில் முடியும். ஓரிடத்தில் அ/லெ. இருக்கும், இன்னோரிடத்தில் தகப்பன் பெயரே இருக்காது. கிராண்டில் பழைய ஐ.சி. எண் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டத் தேசியப் பதிவிலாகாவிடமிருந்து உறுதிக் கடிதமும், ஒரு சத்தியப்பிரமாணமும் தேவைப்படும். இதைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். ஒப்பந்தம் பேசும் நாளிலேயே கிராண்டையும் ஐ.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

வாங்கி விற்கும்போது வேலை நகரும் வரிசை இது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது பொதுவாக 10 விழுக்காடு முன்பணம். மீதியைக் கட்ட மூன்று மாதம், அதற்கு மேல் வட்டியோடு ஒரு மாதம் என்பது வழக்கமான கெடு. விற்பவருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வாங்குபவரின் வங்கி முதலில் அதை அடைக்கும். பிறகு மூன்று தாள்கள் சேர்ந்து நில அலுவலகத்துக்குப் போகும்: அடகு நீங்கியதற்கு 16என், பெயர் மாற்றத்துக்கு 14ஏ, புதிய வங்கியின் அடகுக்கு 16ஏ. மூன்றும் இதே வரிசையில் ஏற வேண்டும். 16என் இல்லாமல் 14ஏ மட்டும் போனால் பழைய கடன் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். சமர்ப்பித்ததும் நாளும் நேரமும் எண்ணும் பதிந்த ரசீது கொடுப்பார்கள். யார் முந்தி என்று பிரச்சினை வந்தால் அந்த நேரம்தான் பேசும். ஆகவே அதன் நகலை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை வரியைக் கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் அபராதம். கணக்கு படிப்படியாக ஏறும்: முதல் 1 லட்சம் ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2, அதற்கு மேல் 10 லட்சம் வரை 3, அதையும் தாண்டினால் 4. தாமானில் ஒரு வரிசை வீட்டை 2,60,000 ரிங்கிட்டுக்கு வாங்குகிறீர்கள் என்றால் முதல் லட்சத்துக்கு 1,000, மீதி 1,60,000க்கு 3,200, ஆக மொத்தம் 4,200 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் 2023 ஜூலை முதல் முதல் 5 லட்சத்துக்கு 1.25 விழுக்காடு. இந்த வீட்டுக்கு 3,250 ரிங்கிட். கடன் ஒப்பந்தத்துக்கு வரியும் கட்டணமும் தனி. தெரிந்தவருக்குக் குறைத்து விற்றதாக எழுதினாலும் வரி குறையாது. அரசு மதிப்பீட்டுத் துறை சொல்லும் சந்தை விலை, ஒப்பந்த விலை இரண்டில் எது கூடுதலோ அதன் மேல்தான் வரி.

விற்பவருக்கு நில ஆதாய வரியும் உண்டு. மலேசியக் குடிமக்களுக்கு வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டு முதல் இல்லை. வரி இல்லை என்றாலும் 60 நாளுக்குள் பாரங்களைத் தாக்கல் செய்தாக வேண்டும். இந்த வரிக்காக வாங்குபவர் தரப்பு விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வரி வாரியத்துக்குக் கட்டும். முன்பணம் முழுதாகக் கைக்கு வரவில்லையே என்று விற்பவர் பதறுவது இந்த 3 விழுக்காட்டால்தான். ஆறாம் ஆண்டுக்கு மேல் வைத்திருந்தவர் விலக்குப் பாரத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டால் பிடித்தம் தேவையில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெற்று 14ஏயில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரக் கடனுக்கு கிராண்டையும் கையெழுத்திட்ட வெற்றுப் பாரத்தையும் சேர்த்துக் கொடுத்து வீட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. மோசடியாலும் கள்ளக் கையெழுத்தாலும் பெற்ற உரிமை செல்லாது. கள்ளக் கையெழுத்துப் பத்திரத்தின் மூலம் நேரடியாக வாங்கியவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2010இல் தெளிவாக்கியது. ஆனால் அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய அடுத்தவரைச் சட்டம் காக்கிறது. வெற்றுப் பாரத்தில் இருப்பதோ உங்கள் சொந்தக் கையெழுத்து. ஏமாற்றினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அப்பா, அம்மா உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு

அன்பின் பேரில் கொடுப்பதற்கும் அதே 14ஏதான். விலைக்குப் பதிலாக 'காசே சாயாங்' என்று எழுதுவார்கள். கணவன் மனைவிக்கிடையே முத்திரை வரி முழு விலக்கு. பெற்றோர் பிள்ளைக்கும், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைக்கும் (மறுபுறமாகவும்) 2023 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரிங்கிட் மதிப்பு வரை முழு விலக்கு, அதற்கு மேற்பட்ட மதிப்பின் வரியில் பாதி தள்ளுபடி. பெறுபவர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் (நிரந்தரவாசியான) பிள்ளைக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கிடையே சலுகையே இல்லை. 3 லட்சம் ரிங்கிட் வீட்டை அப்பா மகளுக்குக் கொடுத்தால் வரி பூஜ்யம். அதே வீட்டை அண்ணன் தங்கைக்குக் கொடுத்தால் 5,000 ரிங்கிட்.

வீட்டில் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமின்றி இது நகராது. இன்னொன்று: கொடுத்த பிறகு கொடுத்ததுதான். மகன் பெயருக்கு மாற்றிவிட்டு அந்த வீட்டிலேயே கடைசிவரை இருக்கலாம் என்று அம்மா நினைப்பார். மகனின் கடன்காரர் அந்த வீட்டின் மீது வரலாம். மகன் முந்தி இறந்தால் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பங்குதாரர் ஆவார்கள். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைக்கு மேல் உள்ள ஒரே கூரை அதுதான் என்றால் உயில் எழுதி வைப்பது பெற்றோருக்குப் பத்திரமான வழி.

கணவன் மனைவி இருவர் பெயரும் கிராண்டில் இருந்தால் ஒருவர் போனபின் மற்றவருக்குத் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அப்படி இல்லை. ஆளுக்கு இவ்வளவு பங்கு என்றுதான் பதிவு. இறந்தவரின் பாதி அவர் சொத்தாகி, கீழே சொல்லும் வழியில்தான் பிரியும்.

கிராண்ட் இன்னும் வராத வீடு: உரிமை ஒப்படைப்புப் பத்திரம்

அடுக்குமாடி வீடுகள் பலவற்றுக்கும் சில தாமான்களுக்கும் தனிப் பட்டா வராமல், முழு நிலமும் மேம்பாட்டாளரின் ஒரே கிராண்டில் கிடக்கும். பெயரை மாற்றுவதற்குத் தனி கிராண்டே இல்லாதபோது 14ஏ போட முடியாது. அப்போது பயன்படுவது டீட் ஆஃப் அசைன்மெண்ட், அதாவது முதல் ஒப்பந்தத்தில் உங்களுக்குள்ள உரிமைகளை அடுத்தவருக்கு ஒப்படைக்கும் பத்திரம். விலைக்கு ஏற்ற முத்திரை வரி இதற்கும் உண்டு. வங்கியும் இதே வகைப் பத்திரத்தைத்தான் அடகாக எடுத்துக்கொள்ளும். கடன் முடிந்ததும் டி.ஆர்.ஆர். என்று ஒரு பத்திரத்தில் உரிமையைத் திருப்பிக் கொடுக்கும். கடன் தீர்ந்த கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு டி.ஆர்.ஆர். போடாமல் விட்டவர்கள் வீட்டை விற்கும்போது மறுபடி வங்கிக்கு நடக்க வேண்டியிருக்கும்.

இதில் மேம்பாட்டாளரின் உறுதிக் கடிதம் முக்கியம். அவர்கள் ஏட்டில் வீடு யார் பெயரில் இருக்கிறது, பாக்கி உண்டா என்பதை அது சொல்லும். வீடமைப்புச் சட்டத்தின்படி அதை 21 நாளுக்குள் தர வேண்டும். கட்டணம் 50 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. கூடுதலாகக் கேட்டால் வழக்கறிஞர் வழியாக எழுதிக் கேளுங்கள். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அதன் சொத்துக்களைக் கவனிக்கும் கலைப்பாளரிடம் போக வேண்டும். வேலை நீளும். எனவே தனிப் பட்டா வந்துவிட்டது என்று நோட்டீஸ் வந்தால் அதைக் கிடப்பில் போடாமல் உடனே 14ஏ போட்டுப் பெயரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒப்படைப்புப் பத்திரத்துக்கு முழு வரி கட்டிய ரசீதைக் காட்டினால் அதே வரியை இரண்டாவது முறை கட்ட வேண்டியிருக்காது. அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கடிதத்தில் கைமாறும் வீடுகள்

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல கம்பத்து ஓரங்களிலும் ஆற்றோரத்திலும் வீடு கட்டிக்கொண்டன. அந்த நிலங்களில் சிலவற்றுக்கு டி.ஓ.எல். உரிமம் உண்டு. அது அரசு நிலத்தில் தற்காலிகமாகக் குடியிருக்க அனுமதி, அவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் காலாவதியாகும். சட்டப்படி அதை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அத்துடன் முடிந்தது. ஆனாலும் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று பணம் கைமாறுகிறது. சத்தியப்பிரமாண ஆணையர் முன் ஒரு சூராட் அக்குவான் (உறுதிமொழிக் கடிதம்) எழுதிச் சிவப்பு முத்திரை குத்தித் தருகிறார்கள். அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: இந்த ஆள் என் முன்னால் இதைச் சொல்லிக் கையெழுத்திட்டார். சொன்னது உண்மையா, நிலம் அவருடையதா என்று அது சொல்லாது.

'பவர்' என்று நாம் சொல்லும் அதிகாரப் பத்திரமும் இப்படித்தான் தவறாகப் பயன்படுகிறது. வெளியூரில் இருப்பவருக்காகக் கையெழுத்திட ஒருவரை நியமிக்கவே அது பிறந்தது. உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும், நிலத்துக்குப் பயன்படுத்தும்போது நில அலுவலகத்திலும் வைக்க வேண்டும். சாதாரண பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் செத்துவிடும். விலை கொடுத்து வாங்கிவிட்டு 14ஏக்குப் பதில் பவரை வைத்துக்கொண்டு காத்திருந்தால், விற்றவர் இறந்த மறுநாள் அவருடைய பிள்ளைகளிடம் பேச வேண்டியிருக்கும்.

தோட்ட லயத்து வீட்டுக்கு நிர்வாகம் கொடுத்த கடிதங்களும் இந்தக் கணக்கில்தான் வரும். பேச்சுவார்த்தைக்கும் வழக்குக்கும் அவை நல்ல சான்று. ஒரு தாளைக்கூட எறியாதீர்கள். ஆனால் நிலத்துக்குத் தனிப் பட்டா வந்து பெயர் ஏறும்வரை அது உரிமை அல்ல.

இறந்தவர் பெயரில் நிற்கும் கிராண்ட்

தோட்டப்புறத்தில் மிகுதியாகத் தேங்கிக் கிடப்பது இதுதான். அப்பா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும். நில வரியை யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள். கிராண்டில் அப்பா பெயரே இருக்கும். இதற்கிடையே ஓர் அண்ணனும் இறந்தால் அவர் பங்குக்கு அண்ணியும் பிள்ளைகளும் வருவார்கள். இப்படி ஆறு கையெழுத்தில் முடிய வேண்டியது பதினாறு ஆகும்.

உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயிலை உறுதிசெய்யும் ஆணை) பெற வேண்டும். உயில் செல்ல, எழுதியவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அந்தப் பெறுபவர் பங்கை இழப்பார்.

உயில் இல்லாமல் நிலமோ வீடோ விட்டுப் போனவரின் மொத்தச் சொத்து 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் நில அலுவலகத்தின் பூசாக்கா (வாரிசுச் சொத்து) பிரிவிலேயே முடிக்கலாம். முன்பு 20 லட்சமாக இருந்த வரம்பு 2024 ஜூலையில் உயர்ந்தது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பாரம் ஏ நிரப்பி, மரணச் சான்றிதழ், கிராண்டின் தேடல் நகல், திருமணச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சூரா, ஐ.சி. நகல்கள், இறந்தவரின் பெற்றோர் இல்லையென்றால் அவர்களின் மரணச் சான்றிதழ் ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும். பிறகு விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும். வர முடியாதவர் ஒப்புதலை முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் விசாரணை தள்ளிப்போவது அடிக்கடி நடப்பது.

முஸ்லிம் அல்லாதோருக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்: மனைவிக்கு நாலில் ஒன்று, பெற்றோருக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஆறில் ஒன்று. இறந்தவரின் தாயான பாட்டிக்கும் பங்கு உண்டு என்பது பல வீடுகளில் விசாரணை அன்றுதான் தெரிய வரும். பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சம பங்கு.

1982 மார்ச் 1க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்களின் துணைவியார்தான் இங்கே அதிகம் தவிக்கிறார்கள். மாமியார், நாத்தனார், ஊரார் எல்லாரும் சாட்சி சொன்னாலும் திருமணச் சான்றிதழைக் கேட்பார்கள். இருவரும் உயிரோடு இருக்கும்போது தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

அம்மாவுக்கே எல்லாம் என்று பிள்ளைகள் விட்டுக்கொடுக்க விரும்பினால் விசாரணையிலேயே சொல்லலாம். 2024 ஜனவரி 1 முதல், தகுதியுள்ள ஒரு வாரிசு இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுக்கும் மாற்றுப் பத்திரத்துக்கு முத்திரை வரி 10 ரிங்கிட் மட்டுமே. பங்கீட்டு ஆணை கையில் வந்ததோடு வேலை முடியவில்லை. பதிவாகிப் பெயர் ஏறியதா என்று சில வாரம் கழித்து ஒரு சாரியான் எடுத்துப் பாருங்கள்.

துண்டு நிலம், ஏலம், கோயில் நிலம்

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதால்தான் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பெயர் மாற்ற தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. சிறு துண்டுகளில் சிக்கல் வேறு. விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் கீழே பிரித்துத் தனிப் பட்டா பெற முடியாது. செம்பனைத் தோப்பில் கயிறு கட்டி ஐயாயிரம் சதுர அடி 'லாட்' என்று விற்பவர் தனி கிராண்ட் தருவேன் என்றால், நிலத்தின் வகையை மாற்றியாகிவிட்டதா, பிரிப்பதற்கு ஒப்புதல் வந்துவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் முன்பணமும் கொடுக்காதீர்கள்.

லெலோங்கில் எடுக்கும் வீட்டுக்கு 14ஏ இல்லை. கிராண்ட் உள்ள வீடானால், பட்டாவின் வகையைப் பொறுத்து உயர் நீதிமன்றமோ நில நிர்வாகியோ தரும் விற்பனைச் சான்றைக் கொண்டு பெயர் ஏறும். முன்வைப்பு போக மீதியை 120 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்வைப்பு போய்விடும். கடன் கிடைக்குமா என்பதை ஏலத்துக்கு முன்பே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயில் நிலம் மறைந்த தலைவர் ஒருவரின் தனிப் பெயரில் நிற்பது பல தோட்டங்களில் தீராத பிரச்சினை. அவர் பெயரில் இருந்தால் அது அவர் வாரிசுகளின் சொத்தாகக் கணக்கில் வரும். கோயில் நிர்வாகத்தைச் சங்கங்களின் பதிவிலாகாவில் பதிந்திருந்தால், அறங்காவலர் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ நிலத்தைப் பதியலாம். சங்கத்தின் பெயரில் என்றால் பதிவதிகாரியின் சான்று பெற்ற மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்திட வேண்டும். நிலத்தைத் தர முன்வருபவர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே 14ஏயை முடித்துவிடுங்கள்.

பணம் கொடுத்தாகிவிட்டது, பெயர் இன்னும் ஏறவில்லை என்றால்

கேவியட் போடுங்கள். பாரம் 19பி, உங்களுக்கு உரிமை எப்படி வந்தது என்று சொல்லும் சத்தியப்பிரமாணம், ஒப்பந்தத்தின் நகல், கட்டணம் ஆகியவற்றை நில அலுவலகத்தில் கொடுத்தால் பதிவேட்டில் தடை விழும். அதன்பின் விற்பவர் வேறொருவருக்கு மாற்ற முயன்றால் நடக்காது. இது ஆறு ஆண்டு வரை நிற்கும், நடுவில் நீக்கச் சொல்லி அவர் மனு செய்யலாம். உண்மையான உரிமை இல்லாமல் கோபத்தில் போட்டால் நட்ட ஈடு கட்ட நேரும், அதையும் மறக்க வேண்டாம்.

பெயர் ஏறிய புதிய கிராண்ட் கைக்கு வந்ததும் பெயர், ஐ.சி. எண், பங்கு, லாட் எண் நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பிழை இருந்தால் முகப்பிலேயே சொன்னால் திருத்துவது எளிது. பிறகு நில வரிக் கணக்கையும் நகராண்மைக் கழகத்தின் சுக்காய் பிந்து (வீட்டு வரி) கணக்கையும் உங்கள் முகவரிக்கு மாற்றுங்கள். பழைய முகவரிக்கே நோட்டீஸ் போய்க்கொண்டிருந்தால், வரி பாக்கிக்காக நிலத்தையே மாநில அரசு எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கை வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கிராண்டை லேமினேட் செய்யாதீர்கள். அடுத்த முறை பெயர் மாறும்போது நில அலுவலகம் அந்த அசல் தாளைக் கேட்கும்.